கேம்ப்பிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள், இனி என்ன?

கேள்வி:

தம்பி, நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். மகன் ஐஸ் ஹொக்கிக்காரன், ஒன்டாரியோவின் ஜூனியர் லீக்கான ஓஎச்எல்லில் இடதுபக்க விங்கராக ஆடுகிறான். 2024 ஜூன் டிராஃப்டில், அதாவது பெரிய லீக்கான என்எச்எல்லின் அணிகள் இளம் ஆட்டக்காரரை முறைவைத்துத் தெரிவு செய்யும் இடத்தில், ஒரு அணி அவனை ஐந்தாம் சுற்றில் எடுத்தது. போன செப்டம்பர் அந்த அணியின் பயிற்சிக் கேம்ப்பில் ஒரு கண்காட்சி ஆட்டத்தில் கோலும் அடித்தான், அடுத்த கிழமையே ஜூனியருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பக் (ஹொக்கி வட்டு) உன்னிடம் இல்லாத நேரத்து ஆட்டத்தைத் திருத்து" என்று மட்டும் சொன்னார்களாம். இப்போது அவனுடைய ஜூனியர் அணியில் அவனுக்குத்தான் அதிக புள்ளி (கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும்), ஆனால் ஒப்பந்தம் இன்னும் வரவில்லை. இன்னும் கோல் அடித்துக் காட்டட்டும் என்கிறார் தகப்பன். யூனிவர்சிட்டிக்கு அனுப்பு என்கிறாள் என் தங்கச்சி. ஏஜென்ட் பொறுங்கள் என்கிறார். அந்த அணிக்குள் போய் நிலைத்து நிற்க இவன் என்னதான் செய்ய வேண்டும்?

ஒரு அம்மா, ஸ்காபரோ

பதில்:

அக்கா, கேம்ப்பில் மகனுக்குச் சொன்ன அந்த ஒரு வரி சும்மா சமாதானத்துக்குச் சொன்னது என்று நினைக்காதீர்கள். திருப்பி அனுப்பும்போது எல்லாப் பெடியன்களுக்கும் ஏதோ ஒன்று சொல்லித்தான் அனுப்புவார்கள், அது உண்மை. ஆனால் இது அப்படிப் பொதுவாகச் சொன்ன கதை இல்லை, வேலை எங்கே குறைகிறது என்று நேராகவே சொல்லியிருக்கிறார்கள். இந்த வயதுப் பெடியன்களுக்குக் கோடையில் பயிற்சி கொடுப்பது என் தொழில். அதில் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான்: அந்த வரியை வீட்டில் ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை, எல்லோரும் புள்ளிப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். ரிப்போர்ட் கார்டில் கணக்குக்கு எத்தனை என்று பார்த்துப் பழகிய ஆட்கள் நாங்கள், ஹொக்கியையும் அதே கண்ணால்தான் பார்க்கிறோம்.

அவனை எடுத்த அணியின் பக்கம் நின்று ஒருக்கால் யோசியுங்கள். ஒரு என்எச்எல் அணியில் 23 பேருக்குத்தான் இடம். ஒரு ஆட்டத்துக்கு இறங்கும் ஃபோர்வேர்ட் 12 பேர், மூன்று மூன்று பேராக நான்கு லைன். பவர் பிளேக்கு, அதாவது பெனால்டியால் எதிரணிக்கு ஆள் குறைகிற நேரத்துக்கு, ஐந்து ஐந்து பேராக இரண்டு குழு, அந்த இடங்களில் வருஷத்துக்குப் பல மில்லியன் டொலர் வாங்குகிறவர்கள் நிற்கிறார்கள், அவர்கள் யாரும் உங்கள் மகனுக்காக விலகப் போவதில்லை. ஐந்தாம் சுற்றில் வந்த பெடியன் முதன்முதல் உள்ளே போனால் கிடைப்பது நான்காம் லைன், ஒரு ஆட்டத்துக்கு எட்டோ பத்தோ நிமிஷம், பவர் பிளே கிடையாது. அந்தப் பத்து நிமிஷத்தில் கோச் அவனிடம் கோலை எதிர்பார்ப்பதில்லை. தன் பக்கம் கோல் விழக் கூடாது, தேவையில்லாத பெனால்டி வாங்கக் கூடாது, பக்கை எதிரணி முனையில் விட்டுவிட்டு வந்து பெஞ்சில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓஎச்எல்லில் மகன் அடித்த கோல்களில் எத்தனை பவர் பிளேயில் வந்தவை என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள். தகப்பன் சொல்வதுபோல இன்னும் இருபது கோல் அடித்தாலும், இந்தப் பத்து நிமிஷத்தை இவனை நம்பிக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

பக் இல்லாத நேரத்து ஆட்டம் என்றால் என்ன என்று ஒரே ஒரு இடத்தை வைத்துச் சொல்கிறேன். மகனின் அணி தன் முனையில் தடுத்துக்கொண்டு நிற்கிறது. வலைக்குப் பின்னாலிருந்து டிஃபென்ஸ்காரன் பக்கைப் பலகையோரமாகச் சுற்றி விடுகிறான், அது இடதுபக்கம் நிற்கிற மகனை நோக்கி வருகிறது. அதே நேரம் எதிரணி டிஃபென்ஸ்காரன், 210 இறாத்தல் ஆள், முனையின் எல்லையான நீலக்கோட்டிலிருந்து நேராக அவன் மேல் இறங்குகிறான். பக் வந்து சேரும் முன்பே மகன் தோளுக்கு மேலால் ஒருமுறை பார்த்து, அந்த ஆள் எங்கே, தன் சென்டர் எங்கே என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதுகைப் பலகைப் பக்கம் கொடுத்து, பக்கைத் தடியாலோ ஸ்கேட்டாலோ நிறுத்தி, விழுகிற அடியை வாங்கிக்கொண்டே அதை நடுவால் வரும் சென்டருக்குத் தட்டிவிட வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் பலகையில் அடித்து நீலக்கோட்டுக்கு வெளியே தள்ளிவிட வேண்டும், வடிவாக இல்லாவிட்டாலும் வெளியே போனால் காணும். ஜூனியரில் இதே இடத்தில் மகன் அந்த ஆளை ஏய்த்துத் திரும்பி பக்கோடு ஓடியிருப்பான், பத்தில் ஏழு முறை சரிவரும், சனம் எழும்பிக் கைதட்டும். மேலே போனால் தவறுகிற அந்த மூன்றில் ஒன்று அவன் வலைக்குள் போகும், மிச்ச ஆட்டம் முழுக்க அவன் பெஞ்சில் இருந்து பார்ப்பான்.

இன்னொன்று ஷிப்ட் நீளம், அதாவது ஒருமுறை ஐஸில் இறங்கினால் எவ்வளவு நேரம் நிற்பது என்பது. ஜூனியரில் நல்ல ஆட்டக்காரர்கள் ஒரு நிமிஷத்துக்கு மேலும் ஐஸில் நிற்பார்கள், கோச்சும் பேசாமல் விடுவார், ஏனென்றால் களைத்த நிலையிலும் அவர்கள் மற்றவர்களைவிட மேல். என்எச்எல்லில் 45 செக்கன் அளவில் மாற வேண்டும், அதுவும் பக் ஆழமாக எதிரணி முனைக்குள் போன பிறகுதான் மாற வேண்டும். இது சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் கேம்ப்பில் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் கண் முதலில் போகிற இடங்களில் இதுவும் ஒன்று.

இனி உள்ளே போவதும் உள்ளே நிலைப்பதும் எவ்வளவு வேறு வேறு என்பதற்கு வருகிறேன். மனி மல்ஹோத்ராவின் கதை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மிஸிஸாகாவில் பிறந்தவர், இந்திய வழித் தகப்பன், ஓஎச்எல்லில் குவெல்ஃப் ஸ்டோர்முக்கு ஆடியவர். 1998 டிராஃப்டில் ஏழாவது ஆளாக நியூயோர்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது, 18 வயதிலேயே என்எச்எல்லில் இறக்கியும் விட்டது. அவ்வளவு மேலே எடுத்த பிள்ளை கோல் அடிக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அது நடக்கவில்லை. 2002ல் டலஸுக்கு மாற்றினார்கள், 2003ல் டலஸும் வேண்டாம் என்று வேவர்ஸில் போட்டது, அதாவது வேறு அணி சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது, கொலம்பஸ் எடுத்துக்கொண்டது. 23 வயதில் இரண்டு அணிகள் கைவிட்ட முதற்சுற்று ஆட்டக்காரர், அதோடு முடிந்துபோன ஆட்கள் எத்தனையோ பேர். இவர் என்ன செய்தார் என்றால், ஃபேஸ்ஓஃபையும் (நடுவர் போடுகிற பக்கை இரண்டு பேர் போட்டியிட்டு எடுப்பது) பெனால்டி கில்லையும் (பெனால்டியால் தன் அணிக்கு ஆள் குறைந்த நேரத்தில் தடுத்து ஆடுவது) தன் வேலையாக எடுத்துக்கொண்டார். தன் வலைக்குப் பக்கத்தில் ஃபேஸ்ஓஃப் விழுந்தால், ஒரு கோல் முன்னிலையில் கடைசி நிமிஷம் என்றால், கோச் கூப்பிடுகிற ஆள் இவர்தான் என்று ஆனது. 2010–11ல் வன்கூவரில் அவர் வென்ற ஃபேஸ்ஓஃப் 60 சதவீதத்துக்கு மேல். கடைசியில் கணக்குப் பார்த்தால் 991 ஆட்டங்கள், 116 கோல்கள். அந்த இரண்டு இலக்கத்தையும் தகப்பனுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். கிட்டத்தட்ட ஆயிரம் ஆட்டம் ஒரு ஆளை வைத்திருந்தார்கள், எட்டோ ஒன்பதோ ஆட்டத்துக்கு ஒரு கோல் அடித்த ஆளை. பிறகு அவர் கோச் ஆகி, 2025ல் அபொட்ஸ்ஃபோர்ட் கனக்ஸோடு, என்எச்எல்லுக்கு அடுத்த படியான ஏஎச்எல்லின் கால்டர் கோப்பையையும் வென்றார்.

மறுபக்கமும் இருக்கிறது. 2012 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் நெய்ல் யாகுபோவ், ஓஎச்எல்லில் சார்னியாவுக்கு ஆடியவர், கோல் அடிப்பதில் பெரிய கெட்டிக்காரர். முதல் வருஷம் 48 ஆட்டங்களில் 17 கோல் அடித்தார். ஆனால் 350 ஆட்டங்களோடு என்எச்எல் அவருக்கு முடிந்துவிட்டது, 2018க்குப் பிறகு ரஷ்யாவில்தான் ஆடினார். திறமை இல்லாததால் அல்ல. கோல் வராத காலத்தில் அவரை எந்த வேலைக்கு இறக்குவது என்பதற்கு எந்தக் கோச்சிடமும் பதில் இருக்கவில்லை. என் பார்வையில் இதுதான் முழு விஷயமும்: கோல் வராத பத்து ஆட்டத்திலும் உன்னை ஏன் இறக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை ஒவ்வொரு இரவும் கொடுக்க வேண்டும். அது இருக்கிறவன் நிலைக்கிறான்.

உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரைச் சொல்கிறேன். மைக்கல் பன்டிங், ஸ்காபரோவில் பிறந்தவர். மற்றப் பிள்ளைகள் சின்னதிலிருந்தே உயர்தர அணிகளில் ஆடியபோது இவர் பள்ளிக்கூட அணியில் ஆடியவர், ஓஎச்எல்லுக்கே 18 வயதில்தான் வந்தார். 2014ல் அரிசோனா 117வது ஆளாக எடுத்தது. அதன் பிறகு ஏஎச்எல்லில் வருஷக்கணக்காகக் கிடந்தார், நடுவில் 2018–19ல் ஐந்தே ஐந்து என்எச்எல் ஆட்டம். 2021ல் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஒப்பந்தம் போட்டது, அந்தப் பருவம் 23 கோல், அறிமுக ஆட்டக்காரருக்கான கால்டர் விருதின் கடைசி மூவரில் ஒருவர். அந்த விருதுக்கு செப்டம்பர் 15க்குள் 26 வயது முடிந்திருக்கக் கூடாது, இவருக்கு 26 முடிந்தது அந்த வருஷம் செப்டம்பர் 17ல். ஒரு ஆள் எவ்வளவு பிந்தியும் உள்ளே வரலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். அவரை உள்ளே வைத்திருந்தது எது? எதிரணி வலைக்கு முன்னால் போய் நிற்பார், அடி வாங்குவார், எதிராளியைச் சினப்படுத்தி பெனால்டி வாங்க வைப்பார், தளர்ந்து விழுகிற பக்கைத் தட்டிவிடுவார். பெரிய நட்சத்திரங்களோடு ஒரே லைனில் அவரை விட்டதற்கும் அதுதான் காரணம், அந்த வேலையைச் செய்ய அந்த நட்சத்திரங்களுக்கு ஒருவர் தேவைப்பட்டார்.

ரொறன்ரோப் பிள்ளை ஸக் ஹைமனும் உங்கள் மகனைப்போல ஐந்தாம் சுற்றுதான், 2010ல் ஃபுளோரிடா எடுத்தது. மிச்சிகன் யூனிவர்சிட்டியில் நாலு வருஷம் ஆடினார், முதல் இரண்டு வருஷமும் கோல் மிகக் குறைவு. லீஃப்ஸுக்கு வந்த பிறகு மூலைகளில் போய் பக்கைப் பறித்துக் கொடுக்கிற ஆளாகத்தான் இடம் பிடித்தார். கோல்கள் பிறகு வந்தன, 2023–24ல் எட்மன்டனுக்கு 54. அதாவது இந்த வேலைகளைப் பழகினால் மகன் கோல் அடிப்பதை மறந்துவிடுவானோ என்று தகப்பன் பயப்படத் தேவையில்லை. கோல் அடிக்கிற கை எங்கேயும் போகாது. அது பயன்படும் நேரம் வரும் வரைக்கும் அணிக்குள் இருக்க ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

சரி, செப்டம்பரில் அனுப்பியதைப் பற்றி. அதை மகனின் தோல்வியாக வீட்டில் கதைக்காதீர்கள். ஓஎச்எல் பெடியன்கள் 20 வயதாகும் வரை ஒன்றில் என்எச்எல்லில் ஆட வேண்டும், இல்லாவிட்டால் ஜூனியருக்குத் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாட்டின் கீழ்தான் போன கேம்ப் நடந்தது, நடுவில் ஏஎச்எல்லுக்கு அவனை அனுப்ப அணிக்கு வழி இருக்கவில்லை. அதோடு கேம்ப்பில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் எதிரே இன்னொரு கணக்கு நிற்கும்: அனுபவமுள்ள ஆட்டக்காரரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் வேவர்ஸ் வழியாகத்தான் அனுப்பலாம், வேறு அணி அவரைச் சும்மா எடுத்துக்கொண்டு போய்விடும். இளம் ஆட்டக்காரருக்கு முதல் சில வருஷம் அந்த வில்லங்கம் இல்லை, எத்தனை முறையும் அனுப்பலாம், எடுக்கலாம். ஆகவே இரண்டு பேர் சமமாக ஆடினால் போவது இளையவன்தான். சில நேரம் நன்றாக ஆடிய இளையவனும் போவான்.

அடுத்த செப்டம்பரில் மகனுக்கு ஏஎச்எல் வயது வந்துவிடும், ஒப்பந்தம் கிடைத்தால் அவன் போகப்போவது பெரும்பாலும் அங்கேதான். அதைத் தண்டனையாக நினைக்கிற வீடுகளைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். என்எச்எல்லில் ஆடுகிறவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் ஏஎச்எல் வழியாக வந்தவர்கள். டிராஃப்டில் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்ட நஸெம் காட்ரிகூட லீஃப்ஸின் ஏஎச்எல் அணியான மார்லீஸுக்கும் லீஃப்ஸுக்கும் நடுவில் வருஷக்கணக்காகப் போய்வந்துதான் நிலைத்தார், 2022ல் கொலராடோவோடு ஸ்டான்லி கோப்பை வென்றார். மேலே ஒருவருக்குக் காயம் என்றால் என்எச்எல் கோச் ஏஎச்எல் கோச்சைக் கூப்பிட்டு, நாளைக்கு இறக்கினால் எனக்குத் தலையிடி தராத ஆள் யார் என்றுதான் கேட்பார், அதிக புள்ளி யாருக்கு என்று எப்போதும் கேட்பதில்லை. அந்தப் பதிலில் மகனின் பெயர் வர வேண்டும். முதல் முறை போய் மூன்று ஆட்டத்தோடு திரும்பி வந்தாலும் பரவாயில்லை, திரும்பி வந்த அடுத்த இரவு அவன் எப்படி ஆடுகிறான் என்று வடிவாகப் பார்ப்பார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆடினால் அடுத்த அழைப்பு இன்னொருவனுக்குப் போகும்.

யூனிவர்சிட்டி பற்றித் தங்கச்சி சொன்னதைத் தட்டிவிடாதீர்கள், முன்பு இல்லாத வழி ஒன்று இப்போது உண்மையில் திறந்திருக்கிறது. ஓஎச்எல்லில் ஆடியவர்கள் அமெரிக்க என்சிஏஏ யூனிவர்சிட்டி அணிகளில் ஆடலாம் என்று 2024 நவம்பரில் முடிவெடுத்தார்கள், 2025 ஓகஸ்ட் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் என்எச்எல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். 2024ல் எடுத்த அணிக்கு மகனோடு ஒப்பந்தம் போட 2026 ஜூன் 1 வரை நேரம் இருக்கிறது, போடாவிட்டால் அவன் மறுபடி டிராஃப்டுக்குப் போகலாம். ஆகவே ஏஜென்ட் பொறுங்கள் என்று சொல்வதில் பிழை இல்லை, ஆனால் எதற்காகப் பொறுக்கிறோம் என்று அவர் சொல்ல வேண்டும். அவரிடம் மூன்றைக் கேளுங்கள்: அந்த அணி கடைசியாக மகனின் ஆட்டத்தைப் பார்க்க ஆள் அனுப்பியது எப்போது, என்ன சொன்னார்கள். ஒப்பந்தம் வராவிட்டால் ஏஎச்எல் அணியோடு நேரடி ஒப்பந்தத்துக்கு யாரிடம் கதைத்திருக்கிறார். என்சிஏஏ அணிகள் ஏதாவது விசாரித்ததா. தெளிவான பதில் இல்லாமல் திரும்பத் திரும்பப் பொறுங்கள் என்றே சொன்னால் அப்போது வேறு ஆளைத் தேடலாம். ஓஎச்எல்லில் ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் படிப்புப் பணம் சேர்ந்திருக்கும், அதற்கு நிபந்தனைகளும் காலக்கெடுவும் உண்டு, அந்தக் காகிதத்தை இப்போதே எடுத்து வாசித்து வையுங்கள்.

என்னிடம் கேட்டால், 170 இறாத்தலுக்குள் நிற்கிற, இன்னும் உடம்பு வைக்க வேண்டிய பெடியனுக்கு யூனிவர்சிட்டி நல்லது: கிழமைக்குப் பொதுவாக இரண்டு ஆட்டம்தான், மிச்ச நாள் ஜிம்மும் பயிற்சியும். உடம்பு ஏற்கெனவே தயார் என்றால் ஏஎச்எல் நல்லது, அங்கே வளர்ந்த ஆம்பிளைகளோடு தினமும் மோதிப் பழகலாம். உங்கள் கடிதத்தில் உயரமும் எடையும் இல்லை, அதனால் இதற்குமேல் சொல்ல எனக்கு மனமில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆட்டம் முடிந்து அவன் கூப்பிடும்போது எத்தனை கோல் என்று கேட்கிற பழக்கத்தை விடுங்கள், தகப்பனும் விட வேண்டும். எத்தனை நிமிஷம் விட்டார்கள் என்று கேட்கவும் வேண்டாம், அந்தக் கேள்வி பிள்ளையின் மனதில் கோச்சுக்கு எதிராக ஒரு வழக்கைத் தொடங்கிவிடும். கோச்சுக்கு ஈமெயில் எழுதவே வேண்டாம். அப்புறம் சமையல். சிரிக்காதீர்கள், இதைச் சீரியஸாகத்தான் சொல்கிறேன். இப்போது அவன் வேறொரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுகிறான். 20 வயதில் ஏஎச்எல்லுக்குப் போனால் தனியாக அப்பார்ட்மென்ட், சில வாரக் கடைசிகளில் மூன்று நாளில் மூன்று ஆட்டம், பஸ்ஸில் விடியப்புறம் வந்து இறங்கி வெறும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பான். இந்தக் கோடையில் சோறு, கோழிக் கறி, முட்டை, பருப்பு இவ்வளவையும் தானே சமைக்கப் பழக்கிவிடுங்கள். ஜனவரி மாதத்தில் எடை குறைந்து, கால் சோர்ந்து, ஆட்டம் படுத்துப்போன பெடியன்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தால் காரணம் சாப்பாட்டிலும் நித்திரையிலும்தான் வந்து நிற்கும்.

மகனுக்கு நேராகச் சொல்ல வேண்டியது ஒன்று. அவனுடைய ஜூனியர் கோச்சிடம் போய், என்னைப் பெனால்டி கில்லில் விடுங்கள் என்று அவனே கேட்க வேண்டும். அதிக புள்ளி எடுக்கிற பெடியன் அதைக் கேட்டால் எந்தக் கோச்சும் மறுக்க மாட்டார், அவனை எடுத்த அணியின் காதுக்கும் அது போகும். மிச்சமிருக்கிற பருவத்தில் அவன் சேர்க்கப்போகிற பத்துப் பதினைந்து புள்ளியைவிட அந்த ஒரு மாற்றம் ஜூன் 1க்கு முன் கூடுதலாகக் கதைக்கும்.

ஆட்ட வீடியோ அவனிடம் இருக்கும். கோல்கள் எனக்கு வேண்டாம். கடைசி நாலைந்து ஆட்டத்தில் தன் முனையில் இடதுபக்கப் பலகையோரம் அவன் பக்கை எடுத்த இடங்களை மட்டும் வெட்டி அனுப்பச் சொல்லுங்கள், நன்றாக வந்ததையும் பிழைத்ததையும் சேர்த்து. எடையையும் உயரத்தையும் அதோடு எழுதச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு அவனுக்கே பதில் போடுகிறேன்.